எத்தனை மங்கு?

ஆறாங்கட்டையில் சங்கு ஊதினால் சோறு. பீடோருக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ரப்பர் பால்மரமாக நின்ற தோட்டம், எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறிவிட்டது. லயங்களை இடித்துவிட்டு நாற்பத்திரண்டு வரிசை வீடுகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்துப் பெயரைக்கூட இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனால் எண்ணெய் ஆலையின் சங்கு மட்டும் மாறவில்லை. காலை ஏழு, மத்தியானம் பன்னிரண்டு, மாலை மூன்று. பன்னிரண்டு மணிச் சங்கு காதில் விழுந்ததும் ஆறாங்கட்டைக்காரர்களின் கை தானாக மங்கைத் தேடும். மங்கு என்றால் பூப்போட்ட எனாமல் தட்டு. பீங்கானும் மெலமைனும் எத்தனை வந்தாலும் சோறு தின்ன மங்குதான் வேண்டும் என்பதில் அந்த ஊரே ஒரு கட்சி.

அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முந்தைய நவம்பரில் அந்த வேடிக்கை நடந்தது. ஆற்றங்கரையில் அரசாங்கம் ஒரு கம்பம் நட்டு, வெள்ளம் வந்தால் ஊதுவதற்கென்று தானியங்கிச் சங்கு ஒன்றைச் சிவப்புச் சுழல்விளக்கோடு மாட்டியிருந்தது. அது பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது ஊதியது. "இன்னிக்கு ஆலையில கொஞ்சம் முன்னாடியே ஊதிட்டான்லா" என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். எல்ஸி தன் கணவன் சவரிநாதனுக்குக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். சோபாவுக்கு அடியிலிருந்து செருப்பு ஒன்று மெல்ல மிதந்து வெளியே வந்தது.

சவரிநாதனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சர்க்கரை கொண்டுபோய்விட்டது. ஆலையில் இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். நான்கு பேர் சேர்ந்து அவரைப் படகில் தூக்கிப்போட்டு, அங்கிருந்து லாரியில் ஏற்றி, எங்கோ தூரத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றினார்கள். 'மங்ஸா 118' என்று போட்டிருந்தது. வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவரை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். புலி வாயில் அகப்பட்ட இரைக்கும் அதே சொல்தான்.

"நான் என்னடி, புலி அடிச்ச ஆடா?" என்று அந்த ஒரு வாரமும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பொட்டலம். நெத்திலி போட்ட நாசி கோரெங் எனும் பொரித்த சோறு. பக்கத்து வீட்டுக் கலாதேவி அப்போது விரதத்தில் இருந்தாள். வாரம் முழுக்க வாழைப்பழத்தைத் தின்றே தள்ளினாள். வீடு திரும்பியதும் சவரிநாதன் அறிவித்துவிட்டார்: "அடுத்த பஞ்சிர் வெள்ளத்துக்கு நான் கூரையில உக்காந்துக்கிறேன். அங்க மட்டும் போவ மாட்டேன்." எல்ஸிக்குத் தெரியும், அவர் சொன்னால் சொன்னதுதான். ஒற்றைக் காலோடு மனுஷன் கூரையில் எப்படி ஏறுவார் என்பதல்ல அவள் பயம். வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார் என்பதுதான்.

ஆகவே, அந்தோணியார் கோயில் மேட்டில் இருக்கும் மண்டபத்தையே வெள்ள நிவாரண மையமாக ஆக்கித் தர வேண்டும் என்று எல்ஸி மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினாள். எழுதிக்கொண்டே இருந்தாள். கொய்யாத் தோட்டத்தில் வேலை அவளுக்கு. காய்க்கு ஒரு உறை என்று நாளெல்லாம் மரம் மரமாகக் கட்டுகிறவள். ஒரு கடிதத்துக்கு இன்னொரு கடிதம் போடுவதா அவளுக்குக் கஷ்டம்?

ஆறாவது கடிதத்துக்கு ஆள் வந்தது. வந்தவள் நூருல் ஹுதா. பீடோரில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிற முகம்மது கௌஸின் மகள். படித்து அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து, கழுத்தில் அட்டை தொங்க, கையில் கோப்போடு வந்து நின்றாள். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, கழிப்பறையை எண்ணி, தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். ஊரைக் கூட்டிச் சுவரில் படம் போட்டுக் காட்டினாள். உலகம் சூடாகிறதாம். வட துருவத்தில் பனி உருகுகிறதாம். மழை இனிமேல் மாதம் பார்த்துப் பெய்யாதாம்.

"பனி உருகுறது அங்க. நனையிறது என் வீட்டு சோபா" என்றார் சவரிநாதன். "இடையில எந்த ஆபீஸ்ல போய்க் கேக்குறதும்மா?"

"அதுக்குத்தான் அங்கிள் நான் வந்திருக்கேன்" என்றாள் ஹுதா சிரித்துக்கொண்டே. "மண்டபம் எல்லாம் ஓக்கே. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஒத்திகை லத்திஹான் ஒண்ணு வெப்போம். சங்கு ஊதின அரை மணி நேரத்துல நாப்பத்திரண்டு வீட்டுல முப்பத்தி நாலு வீடாவது மேட்டுக்கு வந்துறணும். வந்துட்டா மண்டபம் உங்களுக்கு. வரலன்னா பழைய எடந்தான்."

"அவ்வளவுதானா?" என்றாள் எல்ஸி.

அவ்வளவுதான். ஆனால் அடுத்த சனிக்கிழமை ஹுதா வெள்ளோட்டமாக ஒருமுறை சங்கை ஊதச் செய்து பார்த்தபோது ஒரே ஒரு வீடுதான் மேட்டுக்கு வந்தது. அதுவும் எல்ஸி வீடு. அதிலும் எல்ஸி மட்டும்.

சங்கு ஊதியது பன்னிரண்டரைக்கு, இப்போது மணி ஒன்று. ஹுதா கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். கீழே நாற்பத்தோரு வீடுகளிலிருந்தும் ரசவாசனை வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

"ஆன்ட்டி, வீடு வீடா போய்ச் சொன்னேனே. மூணு மொழியில நோட்டீஸ் ஒட்டுனேனே. கேக்கலையா யாருக்கும்?"

"கேட்டிச்சும்மா. நல்லாவே கேட்டிச்சு. ரெண்டாவது தடவ சோறு வாங்கித் திங்கிறாங்க. வா, நீயும் வந்து சாப்பிடு."

"சாப்பாடா ஆன்ட்டி இப்ப முக்கியம்?"

"பசியில யோசிச்சா ஒண்ணும் தோணாது. முட்டைச் சம்பல்தான், வா."

எல்ஸி வீட்டு மங்கில் சோறும் முட்டைச் சம்பலும் கீரையும் விழுந்தன. ஹுதா நாலு வாய் தின்றதும் கொஞ்சம் தெளிந்தாள். சங்கின் ஓசையை மாற்ற முடியாது என்றாள். அது ஈப்போவிலிருந்து இயங்குகிறது, மாநிலம் முழுக்க ஒரே ஓசைதான். ஆலைக்காரனும் மாற்ற மாட்டான். அப்படியானால் ஜனங்களை மாற்ற வேண்டும்.

"நாங்க மாற மாட்டோம்லா" என்றார் சவரிநாதன், மீன் முள்ளை எடுப்பதுபோல் சம்பலில் மிளகாய் விதையைப் பொறுக்கிக்கொண்டே. "நாப்பது வருசமா சங்குன்னா சோறு. ஆத்தா வயித்துலேயே கத்துக்கிட்டு வந்தது."

எல்ஸி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு சொன்னாள்: "அப்ப சோத்தக் கொண்டுபோய் மேட்டுல வெச்சிட்டா?"

ஹுதா மெல்லுவதை நிறுத்தினாள்.

"சங்கு ஊதுனா இவங்க மங்கத் தூக்குறாங்க. அதத் தடுக்க முடியாது. மங்கத் தூக்கிட்டு எங்க போறாங்கிறதுதானே கேள்வி? அன்னிக்கு எவ வீட்டுலயும் அடுப்பு எரியக்கூடாது. சோறு மண்டபத்துல."

"ஆன்ட்டி, அது லத்திஹான் இல்ல, கெண்டுரி விருந்து!"

"இருந்துட்டுப் போவட்டுமே."

"எஸ்ஓபி விதியில இல்லையே ஆன்ட்டி."

"எஸ்ஓபில கருவாட்டுக் குழம்பும்தான் இல்ல. அதுக்காகத் தண்ணி வராம இருந்திச்சா?"

ஹுதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலமே தன் அத்தாவிடம் போய் நின்றாள். முகம்மது கௌஸ் சும்மா ஆள் இல்லை. கடையில் நாலு கறி கேட்டவனுக்கு ஐந்தாவது கறியை அவரே ஊற்றிவிடுவார், வேண்டாமென்றால் முகம் சுண்டிவிடும். மகள் முதல்முறையாக அலுவலக விஷயத்துக்கு உதவி கேட்கிறாள் என்றதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே மகளோடு வேனைப் போட்டுக்கொண்டு எல்ஸியைப் பார்க்க வந்துவிட்டார்.

"தங்கச்சி, கோழிக்கறி நம்ம பொறுப்பு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்தக் கோயில் சட்டிங்க…" என்று இழுத்தார்.

கிறிஸ்துமஸுக்கும் திருவிழாவுக்கும் அந்தச் சட்டிகளில் என்ன கறி வேகும், அது கௌஸுக்கு ஏன் ஆகாது என்று இருவருக்கும் தெரியும்.

"நேத்தே ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டேன் பாய். சாவி சாமியார்கிட்ட. ஒங்க சட்டி, ஒங்க கரண்டி, ஒங்க ஆளுங்க. மூலைல கலாதேவிக்குத் தனி அடுப்பு, சாம்பாரும் கூட்டும் அவ கைல. கடைசி வரிசையில மலாய்க்காரங்க நாலு குடும்பம் இருக்கு, அவங்ககிட்டயும் சொல்லிட்டேன், மக்கான் எல்லாம் கௌஸ் பாய் கடைச் சமையல்னு."

கௌஸின் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு வெவரமா எங்க கவர்மெண்டுகூட யோசிக்கலையேம்மா!" என்றார். பக்கத்தில் நின்ற கவர்மெண்டு தலையைக் குனிந்துகொண்டு கோப்பைப் புரட்டியது.

ஒத்திகை நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு வேலை தொடங்கிவிட்டது. ஒருபக்கம் கௌஸின் ஆட்கள் பெரிய சட்டியில் கோழியைப் பிரட்டினார்கள். இன்னொரு பக்கம் கலாதேவி, பூசணிக்காயை அளவாக நறுக்காதவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தாள். எண்பது வயதுப் பிச்சைமுத்து தேங்காய் துருவ உட்கார்ந்தவர், துருவியதில் பாதியை வாயில் போட்டுக்கொண்டார். எல்ஸி மூன்று அடுப்புக்கும் நடுவே ஓடினாள். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இன்றைக்குத் தவறினால் சவரிநாதனை எந்தச் சாமி வந்தும் வீட்டைவிட்டுக் கிளப்ப முடியாது.

ஹுதாவின் மேலதிகாரி அஸ்லான் ஐயா, மலாயில் என்சிக் அஸ்லான், வருவதாக இருந்தது. வெள்ளச் சங்கை மிகச் சரியாகப் பன்னிரண்டரைக்கு ஊதுவார்கள். எல்லாம் எழுத்தில் இருந்தது. எல்லோரும் மறந்தது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையானாலும் அறுவடைக் காலத்தில் ஆலை ஓடும்.

பன்னிரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது.

எல்ஸி நிமிர்ந்து பார்த்தாள். கீழே கதவுகள் திறந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது, ஒவ்வொரு ஆள் கையிலும் மங்கு வந்தது. சிவப்புப் பூ, நீலப் பூ, விளிம்பு பெயர்ந்தது, தாத்தா காலத்துப் பச்சை மங்கு எல்லாம் வெயிலில் பளபளத்துக்கொண்டு மேடேறின. அவற்றுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் சவரிநாதன். கலாதேவியின் கணவன் தள்ளிக்கொண்டு வந்தான். பதினொரு நிமிஷத்தில் மண்டபம் நிறைந்துவிட்டது.

அதே நேரத்தில் என்சிக் அஸ்லானின் காடி வந்து நின்றது. இறங்கியவர் மண்டபத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஹுதாவைப் பார்த்தார்.

"இன்னும் சங்கே ஊதவில்லையே?" என்றார் மலாயில்.

"இது ஆலைச் சங்குக்கு வந்த கூட்டம், என்சிக்."

"அப்படியென்றால் செல்லாது. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். பன்னிரண்டரைக்கு நம் சங்கு ஊதும். அதற்குப் பிறகு வரட்டும்."

ஹுதா அதைத் தமிழில் சொன்னாள். மண்டபத்தில் ஒருவர்கூட அசையவில்லை. கோழிக்கறி மணக்கிற இடத்தைவிட்டு எழுந்துபோன ஆள் ஆறாங்கட்டையின் சரித்திரத்திலேயே கிடையாது.

"எழுந்து போயிட்டு மறுபடி வரணுமா?" என்றார் பிச்சைமுத்து. "நானா? இந்த மேட்டுலயா? ஏம்மா, வெள்ளத்துல சாவ மாட்டேன், இந்த லத்திஹான்லதான் சாவேன்."

என்சிக் அஸ்லான் கோபக்காரர் இல்லை, காகிதத்துக்குப் பயந்தவர். படிவத்தை எடுத்து நீட்டினார். மொத்தம் எத்தனை மங்ஸா என்றாவது எழுதவேண்டுமே என்றார். "பெராப்பா மங்ஸா?" என்று அவர் கேட்டது சவரிநாதன் காதில் விழுந்தது.

"எத்தனை மங்கான்னு கேக்குறாரா?" என்றார் உரக்க. அவருக்கா மலாய் தெரியாது? நன்றாகத் தெரியும். "தூக்கிக் காட்டுங்கப்பா, எண்ணிக்கட்டும்!"

நூற்றைம்பத்தெட்டு மங்குகள் தலைக்குமேல் எழும்பின. மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு கைக்கும் ஒன்றாகத் தூக்கினார்கள். என்சிக் அஸ்லான் எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் அவரையும் அறியாமல் சிரித்துவிட்டார்.

ஹுதா அப்போதுதான் சொன்னாள். "என்சிக், போன வெள்ளத்தில் நம் சங்கு சரியாகத்தான் ஊதியது. அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினோம். ஆனால் இவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். இன்றைக்குச் சங்கு தப்பு, இவர்கள் சரியான இடத்தில் இருக்கிறார்கள். நாம் எதைச் சோதிக்க வந்தோம்? சங்கையா, ஜனங்களையா?"

அவர் பதில் சொல்வதற்குள் கௌஸ் ஒரு மங்கைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டார். நாலு கறி கேட்காமலே ஊற்றப்பட்டிருந்தது. சரியாகப் பன்னிரண்டரைக்கு, எழுத்தில் இருந்தபடியே, ஆற்றங்கரைச் சங்கு ஊதியது. ஒருவரும் தலை நிமிரவில்லை. சவரிநாதன் மட்டும் மங்கை நீட்டினார்.

"ரெண்டாவது சங்கு ஊதிட்டான். இன்னொரு கரண்டி வைங்க பாய்."

அடுத்த மாதம் கடிதம் வந்தது. மண்டபத்துக்கு ஒப்புதல். அதோடு ஏழாவது விதியாக ஒரு வரி புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது: வெள்ளச் சங்கு ஊதும்போது ஒவ்வொருவரும் சொந்த மங்கைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். சவரிநாதன் அதைச் சத்தம்போட்டு மூன்று தடவை படித்தார். மங்ஸா என்ற சொல் அந்த வரியில் இல்லை. பன்னிரண்டு மணிக்கே வெள்ளச் சங்கு ஊதினால் என்ன செய்வது என்று ஹுதா கவலைப்பட்டபோது அதற்கும் அவரே வழி சொன்னார். "எப்ப ஊதுனாலும் மங்கத் தூக்கிட்டு வாசலுக்கு வா. கம்பத்துல செவப்பு லைட்டு சுத்துனா மேடு. இல்லன்னா வீடு. அவ்வளவுதான்லா." கடிதத்தின் நகல் நாற்பத்திரண்டு வீட்டுக் குளிர்பெட்டியிலும் ஒட்டப்பட்டது.

நவம்பர் வரட்டும் என்று மழை காத்திருக்கவில்லை. அக்டோபரிலேயே வந்துவிட்டது. மலையில் இரண்டு நாள் கொட்டியது. மூன்றாம் நாள் மாலை நாலேகாலுக்கு எல்ஸி கொய்யாத் தோட்டத்தின் கடைசிப் பாத்தியில் உறை கட்டிக்கொண்டிருந்தபோது சங்கு கேட்டது. நாலேகால். ஆலைச் சங்கு இல்லை.

"தவுக்கே, நான் போறேன்!" என்று முதலாளியிடம் கத்திவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த உறைப்பையோடேயே ஓடினாள். மோட்டார் சைக்கிள் வாய்க்கால் பாலத்தருகே நின்றுவிட்டது. பாலத்துக்கு மேல் தண்ணீர். அதைப் போட்டுவிட்டுச் செம்பனைக்குள் புகுந்து, சுற்றுப்பாதையில் முழங்கால் சேற்றில் நடந்தாள். அவருக்கு யார் நாற்காலி தள்ளுவார்கள்? கலாதேவியின் கணவன் இந்நேரம் வேலையில் இருப்பானே? மனுஷன் வீம்பு பிடித்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டால்? "அந்தோணியாரே, அந்தோணியாரே" என்பதைத் தவிர வேறு ஜெபம் அவளுக்கு வாயில் வரவில்லை.

செம்பனையைத் தாண்டி அவள் வெளியே வந்தபோது ஊர் காலியாக இருந்தது. அவள் வீட்டு வாசலில் தண்ணீர் படியேறிக்கொண்டிருந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்ததும் எல்ஸிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மண்டபத்தில் ஹுதா பட்டியலோடு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. தொலைபேசியில் என்சிக் அஸ்லான் மறுபடி மறுபடி எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வீடும் இருபத்திரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டன. வேலைக்குப் போயிருந்தவர்களும் நேராக மேட்டுக்கே வந்துவிட்டார்கள். பட்டியலில் நூற்று அறுபத்தேழு பேர். வந்தது நூற்று அறுபத்தாறு. ஒன்று குறைகிறது. படகை அனுப்பவா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, எல்ஸி சேறும் சகதியுமாக வாசலில் வந்து நின்றாள்.

மண்டபமே ஓவென்று கூவியது. அடுப்பு எதுவும் எரியவில்லை, கௌஸின் வேன் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் ஒவ்வொருவர் மடியிலும் காலி மங்கு இருந்தது. பிச்சைமுத்து தன் மங்கில் தாளம் போடத் தொடங்கியிருந்தார்.

கதவருகிலேயே சக்கர நாற்காலியைப் போட்டுக்கொண்டு சவரிநாதன் உட்கார்ந்திருந்தார். கலாதேவிதான் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாளாம். உள்ளே வந்து உட்காருங்கள் என்று எத்தனை பேர் சொல்லியும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லையாம். அவர் மடியில் இரண்டு மங்குகள் இருந்தன. நீலப் பூ அவருடையது. சிவப்புப் பூ எல்ஸியுடையது.

"எங்கடி போன?" என்றார். "ஒன் மங்க வெச்சிக்கிட்டு நான் மட்டும் எத்தனை நேரம் பசியோட உக்காந்திருக்கிறது?"

எல்ஸி சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பூப்போட்ட மங்கை வாங்கிக்கொண்டாள். ஹுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியைக் காதில் வைத்தாள்.

"நூற்று அறுபத்தேழு மங்கு, என்சிக்" என்றாள். "எல்லாம் வந்தாச்சு."

மறுமுனையில் அவர் திருத்தவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.